முதல் பக்கத்துப் பார்கோடு

பதட்டக்காரி என்றுதான் வங்கியில் எனக்குப் பெயர். பூட்டின பெட்டகத்தை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். அனுப்பின தாளை அனுப்பினோமா என்று மறுபடியும் தேடுவேன். "ஸ்டெல்லாக்கா வீட்டுக்குப் போனாலும் பாதி ஜீவன் இங்கதான் கெடக்கும்" என்று கூட வேலை பார்த்த பிள்ளைகள் கேலி பேசும். பேசட்டும். பதட்டமே இல்லாதவர்கள் செய்து வைத்ததை நிமிர்த்துவதிலேயே என் சர்வீஸில் பாதி போய்விட்டது.

போன மாதம், என் பழைய மேசையில் இப்போது இருக்கிற பெண் போன் பண்ணினாள். இனி வீட்டுக் கடனுக்குத் தாளே கிடையாதாம். கைபேசிக்கு ஒரு எண் வருமாம், அதைத் தட்டினால் கையெழுத்துப் போட்ட கணக்காம். "நீங்க இருக்கும்போ ஒவ்வொரு பக்கத்துலயும் பார்கோடு வச்சு அடிச்சியளாமே, அதுக்குள்ள அப்படி என்னதான் இருந்துது அக்கா?" என்று கேட்டாள். ரெண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அந்தப் பார்கோடு என்றாலே எனக்கு வடிவு முகம்தான் முன்னால் வந்து நிற்கும். சொல்லித் தீர்த்தால்தான் சரிப்படும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் முட்டத்துக்காரி. நாகர்கோவிலில் படித்து, வங்கித் தேர்வு எழுதி, வெளியூர்க் கிளைகளில் கொஞ்ச வருஷம் இருந்து, மாற்றலுக்கு நடையாய் நடந்து, ஒரு வழியாக நாகர்கோவில் கிளைக்கே வந்து சேர்ந்தேன். கவுண்டர், நகைக் கடன் எல்லாம் பார்த்த பிறகு கடன் பத்திர மேசையில் உட்கார வைத்தார்கள். பதட்டக்காரிக்கு ஏற்ற மேசை. ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் நாளைக்குக் கோர்ட்டில் போய் நிற்க வேண்டியது வங்கிதான்.

முன்பெல்லாம் கடன் பத்திரத்தை அச்சிட்ட புத்தகத்தில் பேனாவால் நிரப்புவோம். பிறகு கம்ப்யூட்டரே பத்திரத்தை அடித்துத் தர ஆரம்பித்தது. ஒவ்வொரு பக்கத்துக் கீழ் மூலையிலும் கோடு கோடாக ஒரு பார்கோடு இருக்கும். அதில் கணக்கு எண்ணும், என்ன பத்திரம் என்பதும் மட்டும்தான். கையெழுத்தான தாள்களை நாங்கள் ஸ்கேன் செய்வோம். படம் சென்னைக்குப் போகும். அங்கே உள்ள கம்ப்யூட்டர் கோட்டைப் படித்து, இன்னார் கோப்பு என்று அதனதன் இடத்தில் சேர்த்துவிடும். அதுவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டி அதை மாற்றினார்கள். வெறும் கோடுகள் போய், புள்ளியும் கட்டமுமாக நெருக்கி அடுக்கின ஒரு சின்னச் செவ்வகம் வந்தது. அதற்குள் கணக்கு எண்ணோடு கூட, எத்தனையாவது பக்கம், கடன் தொகை, அடித்த தேதி, அடித்த நேரம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு ட்ரான்சாக்ஷன் எண். ஒரு தடவை பத்திரம் அடித்தால் ஒரு எண். அதில் ஏதாவது திருத்தி மறுபடி அடித்தால் பழைய எண் ரத்தாகி, புது எண் விழும். எல்லாப் பக்கமும் ஒரே எண்ணில் போய்ச் சேர்ந்தால்தான் சென்னையிலிருந்து 'சரி' என்று வரும். அது வந்தால்தான் இங்கே பே ஆர்டர், அதாவது வீட்டை விற்கிறவர் பேருக்கு வங்கி கொடுக்கிற காசோலை, அடிக்க முடியும்.

இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். நான் அதோடு விடவில்லை. கையில் பிடிக்கிற ஸ்கேனரை வைத்து ஒவ்வொரு மாதிரிப் பத்திரத்தையும் படித்துப் பார்த்தேன். சீல் மை பார்கோட்டில் பட்டால் படிக்காது. ஸ்டேப்ளர் கம்பி அதன் வழியாகப் போனாலும் படிக்காது. நம் ஆட்களுக்கோ சீலை நச்சென்று கீழ் மூலையில் குத்தித்தான் பழக்கம். ஒவ்வொருத்தர் பின்னாலும் போய், "மூலையில குத்தாதங்க, மூலையில குத்தாதங்க" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியது.

அப்போது எங்கள் மேனேஜர் செல்லத்துரை சார். அவரைப் பற்றிச் சொல்லாமல் இது விளங்காது. ஒல்லியான மனிதர், அரைக்கைச் சட்டை, தாழ்ந்த குரல். யாராக இருந்தாலும் 'மக்கா'தான். முக்கியமான எதையும் உட்கார்ந்துகொண்டு பேச மாட்டார். எழுந்து நின்று, பேனா மூடியைக் கழற்றி, திரும்ப மாட்டி, பையில் குத்திய பிறகுதான் வாயைத் திறப்பார். அந்தப் பேனா பைக்குள் போகிறவரைக்கும் நான் கையில் உள்ள வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு நாள்காட்டி தொங்கும். காலையில் வந்ததும் தேதியை அவரே கிழிப்பார், பியூனை விட மாட்டார். அன்றைக்கு உள்ள நல்ல நேரம், ராகு காலம் ரெண்டையும் ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி மேசைக் கண்ணாடிக்குள் செருகி வைப்பார்.

அவருக்கு அதில் நம்பிக்கை உண்டா என்றால் கிடையாது. "எனக்கு இதெல்லாம் ஒண்ணுமில்ல மக்கா. ஆனா கையெழுத்துப் போடுத மனுசனுக்குக் கை நடுங்கப்படாது. ஆயுசுக்கும் கட்டப்போற கடனாக்கும்" என்பார்.

அதனால் எங்கள் கிளையில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக் கடன் என்றால் வாடிக்கையாளர் கேட்கிற நல்ல நேரத்தில் முதல் பக்கத்தில் மட்டும் கையெழுத்து வாங்கிவிடுவோம். மீதிப் பக்கங்கள் வக்கீல் குறிப்பு வந்த பிறகு சாவகாசமாக. முதல் பக்கத்தில் பேரும் முகவரியும்தான் இருக்கும், எத்தனை தடவை திருத்தி அடித்தாலும் அது மாறாது. மறுபடி அடித்தால், நல்ல நேரத்தில் கையெழுத்தான பழைய முதல் பக்கத்தை மேலே வைத்து, புதுப் பக்கங்களைக் கீழே சேர்ப்போம். ஊரில் இதற்காகவே எங்கள் கிளையைத் தேடி வந்தவர்கள் உண்டு. பழைய பார்கோடு இருந்தவரைக்கும் கம்ப்யூட்டரும் இதை ஒன்றும் கேட்கவில்லை.

அப்படி வந்தவர்கள்தான் மாதேவனும் அவர் சம்சாரம் வடிவும். சுசீந்திரத்தில் வாடகைக்கு இருந்தார்கள். அவர் கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை, அவள் தையல். கடன் ரெண்டு பேர் பேரிலும். அவர்கள் குடியிருந்த வீட்டையே வாங்குவதாக ஏற்பாடு. வீட்டுக்காரர் குவைத்தில் இருப்பவர், லீவில் வந்திருந்தார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் திருவனந்தபுரத்தில் அவருக்கு விமானம். அதற்குள் பதிவு முடியவில்லை என்றால் மச்சினனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகச் சொல்லிவிட்டார். மச்சினன் வாங்கினால் இவர்கள் வீட்டைக் காலி பண்ண வேண்டும். பதினோரு வருஷமாக இருக்கிற வீடு.

புதன்கிழமை நல்ல நேரத்தில், மாதேவன் போட்ட பிறகு, வடிவு முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். போடுவதற்கு முன்னால் கண்ணாடிக்குள் இருந்த துண்டுத் தாளை ரெண்டு தடவை குனிந்து பார்த்தாள். நான் பதட்டக்காரி என்றால் அவள் எனக்கும் மேலே. காரணம் கேட்டேன். முதலில் ஒரு மனை வாங்கினார்களாம். அவசரம் அவசரமாக ராகு காலத்தில் கையெழுத்துப் போட்டார்களாம். அது வில்லங்கத்தில் மாட்டி, போட்டதெல்லாம் போனதாம். "அதுக்குப் பொறவு நான் நேரம் பாக்காம ஒரு பால்கார்டுல கூட கையெழுத்துப் போடுதது கிடையாது மேடம்" என்றாள்.

அன்று மத்தியானமே வக்கீலிடமிருந்து குறிப்பு வந்தது. சர்வே எண்ணில் ஒரு உட்பிரிவு விட்டுப்போயிருந்தது. பழையதை ரத்து செய்து, வியாழக்கிழமை காலையில் புதிதாக அடித்தேன். புருஷனும் பெண்டாட்டியும் வந்து மீதிப் பக்கங்களில் கையெழுத்துப் போட்டார்கள். முதல் பக்கத்தை நீட்டியதும் வடிவு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அதுலதான் நேத்தே போட்டாச்சே?"

"அது பழசு. இது புதுசா அடிச்சது."

"பேரு மாறியிருக்கா?"

"இல்ல."

"பொறவு என்னத்துக்கு? நல்ல நேரத்துல போட்டத வேண்டாம்னு வச்சா நல்லாவா இருக்கும்?"

நான் சார் மேசைக்குப் போனேன். "சார், பார்கோட்டுல எண் மாறியிருக்கும். இதச் சேத்தா சென்னையில ஒத்துக்குமான்னு எனக்கு சந்தேகமா இருக்கு" என்றேன். எனக்கும் உறுதியாகத் தெரியாது. புதுப் பார்கோடு வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது, பத்திரம் திரும்ப அடிக்கிற கேஸ் அதுவரை ஒன்றும் வரவில்லை.

சார் எழுந்தார். பேனா மூடி கழன்றது, மாட்டிக்கொண்டது, பைக்குள் போனது. ரெண்டு முதல் பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. மூலையில் உள்ள அந்தச் செவ்வகத்தில் புள்ளிகள் மாறியிருப்பது மனுசக் கண்ணுக்கா தெரியப் போகிறது.

"அதே பேரு, அதே முகவரி, அதே கையெழுத்து. பழசையே வை மக்கா. ஏதாவது கேட்டா நான் பேசிக்கிடுதேன்" என்றார்.

வைத்தேன். ஸ்கேன் செய்து அனுப்பினேன். சாயந்திரம் வரைக்கும் திரையில் 'சரி' வரவில்லை. சில நேரம் மறுநாள் காலையில் வருவதும் உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு வீட்டில் என்ன கறி வைத்தேன், யாரிடம் என்ன பேசினேன் என்று ஒன்றும் ஞாபகம் இல்லை. வெப்ராளம் என்று எங்கள் பக்கம் ஒரு சொல் உண்டு. உள்ளுக்குள்ளேயே கிடந்து கொதிக்கும், வெளியே எடுத்துக் காட்ட முடியாது. அதுதான்.

வெள்ளிக்கிழமை நேரத்தோடேயே போய்த் திரையைத் திறந்தேன். எல்லாப் பக்கமும் சேர்ந்திருந்தது, முதல் பக்கம் மட்டும் 'வரவில்லை' என்று கிடந்தது. பத்து மணிக்கு ஆபீஸ் திறந்ததும் சென்னைக்குப் போன் போட்டேன். ஒரு பையன் எடுத்தான்.

"மேடம், அந்தப் பக்கம் வந்திருக்கு. ஆனா அது கேன்சல் ஆன ட்ரான்சாக்ஷன்ல போய் உக்காந்திருக்கு."

"அத எடுத்து இதுல போடுங்க தம்பி. ரெண்டும் ஒரே ஆளுதான்."

"கையால மாத்த முடியாது மேடம்."

"ஒரு தாளுதானே?"

"கையால மாத்தக் கூடாதுன்னுதானே மேடம் அத்தனையும் பார்கோட்டுக்குள்ள வச்சிருக்கோம்."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனாலேயே கோபம் கோபமாக வந்தது. போனை வைத்துவிட்டு, வியாழக்கிழமை வேண்டாமென்று கிழித்துப்போட்ட முதல் பக்கத்தை அதே புது எண்ணில் மறுபடி அடித்து எடுத்தேன்; திருத்தம் இல்லையென்றால் எண் மாறாது. சார் மாதேவனுக்குப் போன் செய்தார். அவர்கள் குளித்து, புதுத் துணி உடுத்து, ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கிளம்ப நின்றிருக்கிறார்கள். சுசீந்திரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது பத்தரை தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம்.

சார் அவர்களை உட்கார வைத்தார், அவர் நின்றார். பேனாவைத் தொடவில்லை. "தப்பு என் பேர்ல. இந்த அம்மா நேத்தே சொன்னா, நான்தான் கேக்கல. முதல் பக்கத்துல நீங்க இன்னொரு கையெழுத்துப் போடணும்" என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு மேனேஜர் வாடிக்கையாளர் முன்னால் நின்று இப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை.

மாதேவன் உடனே பேனாவை எடுத்துப் போட்டுவிட்டார். வடிவு எழுந்து நாள்காட்டியைப் பார்த்தாள்.

"பன்ரண்டு மணிக்குப் போடுதேன்."

சார் மெதுவாக விளக்கினார். பன்னிரண்டுக்குப் போட்டால் ஸ்கேன் செய்து, சென்னையில் பார்த்து, சாப்பாட்டு நேரமும் கழிந்து 'சரி' வர மூன்று மணிக்கு மேலாகும். வீட்டுக்காரர் ரெண்டு மணிக்கெல்லாம் ரிஜிஸ்டர் ஆபீஸிலிருந்து கார் ஏறிவிடுவார். பே ஆர்டர் கைக்கு வராமல் அவர் கையெழுத்துப் போட மாட்டார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாதேவனின் போன் அடித்தது. வீட்டுக்காரர்தான். "எங்க இருக்கிய? மச்சினன் இங்கதான் கூட நிக்கான்" என்று அவர் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது.

எனக்கு ஒன்று தோன்றியது. கை ஸ்கேனரை எடுத்து அந்தப் புது முதல் பக்கத்தின் மூலையில் காட்டினேன். திரையில் வரிசையாக வந்தது. கணக்கு எண், பக்கம், தொகை, ட்ரான்சாக்ஷன் எண், தேதி, நேரம்.

"இங்க பாருங்க வடிவு. இந்தத் தாளு அடிச்ச நேரம் இதுக்குள்ளயே இருக்கு. பத்தேகால். ராகு காலத்துக்கு முன்னாலயே அடிச்சாச்சு. வங்கிக் கணக்குல இதுதான் நேரம்."

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அது மெசினுக்க நேரம் மேடம். எனக்க நேரம் நான் கை வைக்கிய நேரம்தான்" என்றாள்.

ஸ்கேனரைக் கீழே வைத்தேன். கெட்டிக்காரத்தனம் பண்ணப் போய் முகத்தில் வாங்கிக்கொண்டேன்.

"ஏட்டி, வீடு போயிரும் ஏட்டி" என்றார் மாதேவன். "ரெண்டு பொட்டப் பிள்ளையளையும் கூட்டிக்கிட்டு இனி எந்த வீட்டு வாசல்ல போய்க் கேக்க?"

அவள் அழவில்லை. கைக்குட்டையை மடியில் வைத்து மடித்துப் பிரித்துக்கொண்டே இருந்தாள். அவள் போட மாட்டேன் என்று எழுந்து போனாலும் நியாயம்தான், போட்டாலும் பயம்தான். நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், எனக்கு ராகு காலம் கிடையாது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எங்கள் ஊரில் வலை இறக்குகிறவர்களும் நாள் பார்த்துத்தான் இறக்குவார்கள். மனசில் ஒரு பயம் விழுந்துவிட்டால் அதை யாரும் பேசி எடுத்துவிட முடியாது. அது எனக்குத் தெரியும்.

கடைசியில் அவள் பேனாவை வாங்கினாள். தாளை இழுத்து, கையெழுத்துப் போடும் முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"இதுல நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அது உங்க பேர்லயும் உண்டு, கேட்டியளா."

போட்டாள். புதன்கிழமை போட்ட மாதிரி இல்லை, எழுத்து நடுங்கியிருந்தது. நான் தாளைக் கொண்டுபோய் ஸ்கேனரில் வைத்தேன். கோணலாக விழுந்து, மறுபடி வைக்க வேண்டியதாயிற்று. சென்னைப் பையனுக்குப் போன் போட்டு, "தம்பி, கும்பிட்டுக் கேக்குதேன், வரிசையில முன்னால எடுத்துப் பாரு" என்றேன். பார்த்தான். பன்னிரண்டரைக்கு 'சரி' வந்தது. பே ஆர்டரை சாரே கையில் எடுத்துக்கொண்டு தன் ஸ்கூட்டரில் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டை நான் திறக்கவே இல்லை. ரெண்டு மணி சுமாருக்கு அவரிடமிருந்து போன் வந்தது. "முடிஞ்சுது மக்கா. நீ போய்ச் சாப்பிடு."

முதல் பக்க வழக்கத்தை சார் அன்றோடு நிறுத்தினார். ஆனால் நம் சனங்கள் விடுவார்களா? தாளுக்குள் நேரம் இருக்கிறது என்று எப்படியோ வெளியே பரவிவிட்டது. அதன் பிறகு வருகிறவர்கள், "மேடம், ஒம்பதே முக்காலுக்கு என்டர் தட்டுவியளா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கீபோர்டு மேல் விரலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து மேசைப் பிள்ளைகளுக்கு அது பெரிய சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வடிவு சொன்ன சொல் என்னை விடவில்லை. சுசீந்திரம் வழியாகப் பஸ்ஸில் போனால் அவர்கள் தெரு முனையில் ஏதாவது கூட்டம் நிற்கிறதா என்று பார்ப்பேன். மாதத் தவணை சரியாக ஏறுகிறதா என்று கணக்கைத் திறந்து பார்ப்பேன். அது என் வேலையில்லை, இருந்தாலும் பார்ப்பேன். ஏறியிருந்தால் அந்த மாதம் கழிந்தது என்று இருக்கும். செல்லத்துரை சார் மாற்றலாகிப் போகும்போதுகூட, "அந்தச் சுசீந்திரம் கேஸ் சுகமா இருக்காவளா?" என்று கேட்டார். அப்போதுதான் அவருக்கும் அது உள்ளே கிடந்து அரிக்கிறது என்று தெரிந்தது.

மூன்றாம் வருஷம் ஒரு மாதம் தவணை ஏறவில்லை. அடுத்த மாதமும் இல்லை. விசாரித்தேன். மாதேவனுக்குப் பக்கவாதம், ஆஸ்பத்திரியில் கிடந்து இப்போதுதான் வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்றார்கள். வசூலுக்கு ஆள் போகும் முன்னால் நான் போய்விட வேண்டும் என்று அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். போய் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வசவு வாங்கத்தான் போகிறோம், வாங்கிக்கொள்வோம் என்றுதான் போனேன்.

கதவு திறந்து கிடந்தது. முன் அறையில் கட்டிலைப் போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் கையும் காலும் அசையவில்லை. வடிவு கட்டில் ஓரத்தில் இருந்து கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தவணையைப் பற்றித்தான் முதலில் பேசினாள். தையல் கூலி வந்ததும் கட்டிவிடுவதாகவும், மூத்தவள் வேலைக்குப் போகப் போவதாகவும் சொன்னாள். நான் அதற்கு வரவில்லை என்றேன். தவணைக்கு அவகாசம் கேட்டு எழுதிப் போடலாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். பிறகும் நான் போகாமல் நிற்பதைப் பார்த்து, "பொறவு என்ன மேடம்?" என்றாள்.

"அன்னைக்கு ராகு காலத்துல உங்கள வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினோம். நீங்க சொன்னிய, ஏதாவது ஆச்சுன்னா எங்க பேர்லயும் உண்டுன்னு. அதான்..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை, அழுகைதான் வந்தது. உத்தியோகத்தில் இருக்கிறவள் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் நின்று அழுவது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தும் அழுதேன்.

வடிவு கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"மூணு வருசமா இதையா மனசுல போட்டு வச்சிருந்திய?" என்றாள். "ஆஸ்பத்திரியில கூடக் கெடந்த ஒருத்தருக்கு, சீக்காளியக் கொண்டு வரப்படாதுன்னு வாடகை வீட்டுக்காரன் பூட்டப் போட்டுட்டான். அவருக்க பொண்டாட்டி ஆஸ்பத்திரி வராந்தாவுல இருந்து அழுதத நான் பாத்தேன். இது எங்க வீடாக்கும். இவியள எவனும் எறங்குன்னு சொல்ல முடியாது. அன்னைக்கு நான் கையெழுத்துப் போடாம வீம்பு பிடிச்சிருந்தா, இவிய எங்க கொண்டு கிடத்தியிருப்பேன் மேடம்? நீங்களே சொல்லுங்க."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. துண்டை எடுத்து அவர் வாயைத் துடைத்துவிட்டு, அடுத்த கரண்டிக் கஞ்சியை ஊதிக் கொடுத்தாள்.